வரமும் கழுவும்: வேஷத்தின் பலம், முன்கதையின் அரசியல்

1

சென்ற கோடையில் அரும்பாவூரில் அக்கா வீட்டில் சில நாட்கள் இருந்தேன். பச்சைமலையின் அடிவாரத்து ஊர். தெருவில் நடந்தால் உளிச் சத்தமும் கொட்டாப்புளிச் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். வாகை, மா, வேம்பு என்று மரம் கிடக்கும். பக்கத்திலேயே பாதி முகம் வந்த அம்மனோ, தும்பிக்கை மட்டும் வந்த பிள்ளையாரோ சாய்ந்திருப்பார்கள். பொறியியல் படிக்கும் அக்கா மகன் ஒருநாள் சாயங்காலம் கைபேசியை நீட்டி, “மாமா, நீங்க தமிழ் எம்.ஏ. தானே, இந்தக் கதைய கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றான்.

கதை இல்லை அது. ஒரு ஆட்டத்துக்கான வேஷம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் சில பேர் இணையத்தில் கூடிக்கொள்கிறார்கள். ஒரு மாயராச்சியத்தைக் கற்பித்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, முறை வைத்து எழுதி எழுதியே கதையை நகர்த்துகிறார்கள். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது, ஆனால் வேஷம் உண்டு. ஆட்டத்தில் சேர விரும்புகிறவன் முதலில் தன் பாத்திரத்தின் பலங்களையும், அந்தப் பலங்கள் எப்படி வந்தன என்ற முன்கதையையும் எழுதி ஆட்டம் நடத்துபவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பையனின் பாத்திரம் ஒரு வாள்வீரன். நெருப்பை அழைப்பான், காயம் தானாக ஆறும், மிருகங்களின் பாஷை தெரியும். ஆட்டம் நடத்துபவர் ‘பலம் அதிகம், முன்கதை போதாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். பையன் என்ன செய்தான்? பலத்தைக் குறைக்கவில்லை. முன்கதையைக் கூட்டினான். தோல் பதனிடும் குடும்பத்தில் வளர்ந்த அந்த வீரன் உண்மையில் ஒரு அரசனின் மகன், குழந்தையிலேயே காட்டில் விடப்பட்டவன் என்று ஒரு பத்தியைச் சேர்த்திருந்தான்.

“டேய், இது மதுரைவீரன் கதைடா” என்றேன். “அப்படியா? எனக்குத் தெரியாதே மாமா” என்றான். பொய் சொல்லவில்லை அவன். எனக்கு அதுதான் திகைப்பாக இருந்தது. தெரியாமலே அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறான். பலத்துக்குக் காரணம் கேட்டதும் கை தானாகப் பிறப்பைத் தேடிப் போகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

2

இந்த ஆட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் பேசி ஆடுவது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற கணினி ஆட்டம் இதே சங்கதியைக் கம்பி வழியாகப் பல பேர் ஒரே சமயத்தில் ஆடக்கூடியதாக ஆக்கியது. இன்றைய இணையக் கற்பனை ஆட்டங்களின் வம்சாவளி இங்கிருந்து வருகிறது.

முதலில் பாத்திரத்தின் பலம் பகடையால் தீர்ந்தது. உடல்வலிமை, அறிவு, சாதுரியம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டு, விழுந்தது உன் விதி. முன்கதை என்ற பேச்சே முக்கியமில்லை. சகுனி கையில் பகடை இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் நியாயமும் அநியாயமும் சட்டென்று விளங்கும். 1981இல் வந்த ‘சாம்பியன்ஸ்’ என்ற ஆட்டம் வேறொரு வழியைப் பிரபலமாக்கியது. எல்லோருக்கும் சம அளவு புள்ளிகள். அவற்றைக் கொடுத்துப் பலங்களை வாங்கிக்கொள்ளலாம். கூடுதல் பலம் வேண்டுமா? குறைகளை ஏற்றுக்கொள். உன்னை விடாமல் துரத்தும் ஒரு பகைவன், தொட்டால் பலமிழக்கச் செய்யும் ஒரு பொருள், மீற முடியாத ஒரு சத்தியம் — இப்படி ஒவ்வொரு குறைக்கும் இத்தனை புள்ளி. குறைகள் முன்கதையிலிருந்துதான் வரும். ஆக முன்கதை என்பது அலங்காரமாக இருந்த நிலை போய் செலவுக் கணக்காக மாறியது. பலத்தை முன்கதையால் சமன் செய்தல் என்று இன்று ஆட்டக்காரர்கள் பேசுவது இந்தக் கணக்கைத்தான்.

எழுத்திலேயே நடக்கும் ஆட்டத்தில் பல சமயம் பகடையும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆட்டம் நடத்துபவரின் தீர்ப்பு மட்டும்தான். அங்கே முன்கதையின் சுமை இன்னும் கூடிவிடுகிறது. எது ‘போதுமான’ முன்கதை என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போதுமானது என்றால் யாருக்குப் போதுமானது? இந்தக் கேள்வி அந்த ஆட்டக்காரர்களுக்குப் புதிதாக இருக்கலாம். கூத்தும் புராணமும் கதைப்பாடலும் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இது பழைய கேள்வி. ரத்தம் சிந்திய கேள்வியும்கூட.

3

நம் மரபில் பலத்தைச் சமன் செய்யும் கணக்கு ஒன்றல்ல, இரண்டு என்று படுகிறது. முதலாவதை வரக் கணக்கு எனலாம். பெரும்புராணக் கதையாடல்களின் கணக்கு இது. பலம் மேலிருந்து தரப்படுகிறது. தவம் விலை, வரம் சரக்கு. ஆனால் தந்த கை அதிலேயே ஒரு ஓட்டையையும் வைத்துவிடுகிறது. இரணியனுக்குப் பகலில் சாவில்லை இரவில் சாவில்லை, உள்ளே இல்லை வெளியே இல்லை, மனிதனால் இல்லை மிருகத்தால் இல்லை, ஆயுதத்தால் இல்லை. அட, எல்லாம்தான் அடைத்தாகிவிட்டதே என்று தோன்றும். அந்திப்பொழுதும் வாசற்படியும் நரசிங்கமும் நகமும் விட்டுப்போயிருக்கின்றன. இராவணன் தேவரையும் அசுரரையும் கேட்டு வாங்கினான். மனிதனைக் கேட்கவில்லை, அலட்சியம். வரத்தின் வாசகத்திலேயே அழிவும் எழுதியிருக்கிறது. ஆக, வரக் கணக்கில் முன்கதையின் வேலை ஒழுங்கைக் காப்பாற்றுவது. யார் எவ்வளவு ஏறினாலும் இறக்கிவிடும் சூத்திரம் முன்கதைக்குள் இருக்கும். மேலே இருப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து எப்போதும் கிடையாது.

இதில் மிகச் சிக்கலான கணக்கு கர்ணனுடையது. பிறவியிலேயே கவசகுண்டலம், இந்திரன் கேட்டு வாங்கிப் போகிறான். பரசுராமர் தந்த வித்தை. வேண்டிய நேரத்தில் மறக்கும் என்று அவரே சாபம். பசுவைக் கொன்றதால் தேர்க்கால் புதையும் என்று ஒரு அந்தணரின் சாபம். இந்திரன் தந்த வேலை ஒருமுறைதான் எறியலாம். அதுவும் கடோற்கசனிடம் போய்விடுகிறது. தமிழ் பாரத மரபில் நாகாஸ்திரத்தை இரண்டாம் தடவை தொடுக்காதே என்று குந்தி வேறு சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். கடைசியில் கண்ணன் வந்து செய்த புண்ணியத்தையும் கேட்கிறான். ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்தில் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதிக் கொடுத்தால் இவ்வளவு குறை எதுக்கு என்று சிரிப்பார்கள். ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு சாபம் ஈடு, போதாக்குறைக்கு மேலும் இரண்டு.

ஆனால் கர்ணன் கணக்கில் அடங்காமல் வழியும் இடம் ஒன்றிருக்கிறது. அவனுக்குத் தன் பிறப்பு தெரிந்துவிடுகிறது. குந்தி மகன், சூரியன் மகன், மூத்தவன், நாட்டுக்கு உரியவன். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் மனைவி பொன்னுருவியே பிறப்பைச் சொல்லி அவனை இளக்காரம் செய்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் அவளும் அடங்குவாள், யுத்தமும் அடங்கும். அவனோ அந்தப் பிறப்பை வைத்து எதையும் வாங்கிக்கொள்ள மறுக்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று துரியோதனன் பக்கமே நிற்கிறான். கையில் வந்த அரச முன்கதையைச் செலவழிக்காமலே செத்துப்போனவன் கர்ணன். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் அழுவது சாபங்களுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

கூத்தில் பலம் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளும்கூட. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்ற பெரிய வேஷங்களே இவற்றைக் கட்டும். அதனால் கட்டை வேஷம் என்று பெயர். கட்டியவன் நடந்தாலே திரைக்குப் பின்னால் தெரு அதிரும். அப்போது அவனுக்கு எதிரில் யார் நிற்கிறான்? கட்டியக்காரன். கட்டை இல்லை, கிரீடம் இல்லை, கோமாளி உடுப்பு. அவன்தான் கேட்கிறான்: “யாருங்க சாமி நீங்க? எந்த ஊரு?” ராசா தன் குலம் கோத்திரம் பெருமை எல்லாவற்றையும் பாடிச் சொல்ல வேண்டும். சொன்னதும் கட்டியக்காரன் அதை அப்படியே கோணலாகத் திருப்பிச் சொல்வான், சனம் சிரிக்கும். முன்கதை அங்கே மேலதிகாரியிடம் தாக்கல் செய்யப்படும் மனுவாக இல்லை. கீழே இருப்பவன் கேட்கும் கேள்விக்குச் சொல்லியாக வேண்டிய பதில் அது. புராணப் பிரதி சாபத்தால் செய்யும் சமனைக் கூத்துப் பிரதி சிரிப்பால் செய்கிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தின் வேலை அல்ல.

4

இரண்டாவது கணக்கைக் கழுக் கணக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. இதில் யாரும் யாருக்கும் வரம் தருவதில்லை. பலமற்ற ஒரு ஆள் அநியாயமாகக் கொல்லப்படுகிறான், அல்லது கொல்லப்படுகிறாள். செத்த பிறகுதான் பலம் வருகிறது. ஆரியமாலை என்ற பார்ப்பனப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன். திருச்சிச் சீமையில் பொம்மியையும் மதுரையில் வெள்ளையம்மாளையும் சேர்ந்ததற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன். ஊரில் கேட்டால் இன்னும் எத்தனையோ பெயர் சொல்வார்கள், பெரும்பாலானவை எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லாதவை. கிணற்றில் விழுந்த மருமகள், வரப்பில் வெட்டுப்பட்ட பண்ணையாள். கொன்றவர்கள் வீட்டில் மாடு சாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். குறி கேட்டால் ‘அவன்தான்’ என்று வரும். கல் நட்டுப் படையல் போட வேண்டும்.

இங்கே பலத்தின் மூலதனம் முன்கதையே. தவம் இல்லை, தகுதி இல்லை, வம்சம் இல்லை. பட்ட அநியாயம் எவ்வளவோ அவ்வளவு பலம். முதல் கணக்கில் முன்கதை பலத்தைக் குறைக்கிறது. இரண்டாவதில் முன்கதைதான் பலத்தை உண்டாக்குகிறது. முதல் கணக்கு முடிவது தெய்வம் அசுரனைக் கொல்வதில். இரண்டாவது கணக்கு தொடங்குவதே ஆண்டவர்கள் ஒரு மனிதனைக் கொல்வதில்.

இது ‘சிறுமரபு’க்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. அரும்பாவூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் பிள்ளையாரையே எடுத்துக்கொள்வோம். சிற்ப சாஸ்திரத்தில் உருவத்தின் தகுதி தாலக் கணக்கில் வருகிறது. உத்தம தசதாலம் 124 அங்குலம், சிவன், திருமால், பிரமன் மூவருக்கும். மத்திம தசதாலம் 120 அங்குலம், தேவியருக்கு. இந்த அங்குலம் அளவுகோல் அங்குலம் அல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பங்கிட்டு எடுப்பது; ஆகவே முழ உயரச் சிலையிலும் ஆள் உயரச் சிலையிலும் தகுதி மாறாது. இணைய ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பாத்திரப் பட்டியலுக்கு நிகரான சங்கதி இது. இந்தப் பட்டியலில் பிள்ளையாருக்குப் பஞ்சதாலம்தான், ஐந்து முகத்தளவு. குள்ள உருவம். ஆனால் முதல் பூசை அவருக்கு. ஏன்? அவர் முன்கதையைப் பாருங்கள். தாய் சொல் கேட்டு வாசலில் நின்ற பிள்ளையின் தலையை வந்தவர் வெட்டிவிடுகிறார். தாயின் கோபம் தணிய வேறு தலையும் முதலிடமும் தர வேண்டி வருகிறது. தாலம் சொல்லாத பலத்தை வெட்டுப்பட்ட கழுத்து தருகிறது. பெருமரபின் வாசலிலேயே கழுக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் கொழுக்கட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

5

இப்போது பையன் எழுதிய பத்திக்கு வருகிறேன். கொல்லப்பட்டவன் தெய்வமாகிவிட்டான், கும்பிட்டாக வேண்டும். கும்பிடுகிறவர்களில் கொன்ற தரப்பின் வாரிசுகளும் உண்டு. கீழ்ச்சாதியானைக் கும்பிடுவதா என்ற சங்கடம் எழுகிறது. பலத்தை மறுக்க முடியாது, பயம் இருக்கிறது. மறுக்க முடியாததால் முன்கதையைத் திருத்துகிறார்கள். மதுரைவீரன் அருந்ததியர் வீட்டில் பிறந்தவன் இல்லை, வளர்ந்தவன்தான். பிறந்தது காசி ராசா அரண்மனையில், மாலை சுற்றிப் பிறந்த தோஷத்தால் காட்டில் விடப்பட்டான். காத்தவராயன் சிவனின் பிள்ளை, ஏதோ சாபத்தால் இங்கே வந்தவன். பொதிகை அடிவாரத்து முத்துப்பட்டன் கதையிலோ பட்டன் பார்ப்பனன், அவன் மணந்த பொம்மக்கா திம்மக்கா செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள். அங்கே பெண்களின் பிறப்பு திருத்தப்பட்டது. அவர்களும் பார்ப்பனக் குழந்தைகள்தான், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு ஒட்டு. இந்தக் கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை இந்த ஒட்டுகள் பிற்காலத்தவை, சாதி ஒழுங்கைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை என்று எடுத்துக்காட்டினார். அது அவர் செய்த பெரிய காரியம்.

அவர் காட்டியதிலிருந்து இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கலாம். ஒட்டு சாதியை மட்டும் மாற்றவில்லை, கணக்கையே மாற்றுகிறது. கழுக் கணக்கில் இருந்த ஒரு கதை வரக் கணக்குக்கு இடம்பெயர்கிறது. வீரனுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? திருமலை நாயக்கரின் ஆணையால் வெட்டுப்பட்ட கையிலும் காலிலும் இருந்து வந்தது என்பது பழைய பதில். அரச ரத்தத்திலிருந்து வந்தது என்பது புதிய பதில். இரண்டாம் பதிலை ஒப்புக்கொண்டால் வெட்டு என்பது ஒரு துயரச் சம்பவமாக, ஆள் தெரியாமல் நடந்த பிழையாகச் சுருங்கிவிடும். ‘அடடா, நம்ம ஆளைத்தான் வெட்டிட்டோம்’ என்பதோடு கதை முடிந்துவிடும். உண்மையிலேயே அருந்ததியன் என்றால் வெட்டியிருக்கலாம் என்பது அதன் சொல்லப்படாத பாதி.

1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘மதுரை வீரன்’ படமும் அரண்மனைப் பிறப்பையே எடுத்துக்கொண்டது. சாதி பேதத்துக்கு எதிராக உரக்கப் பேசியவர்கள் எடுத்த படம்தான். கொட்டகையில் விசில் அடித்த அருந்ததியச் சனமும் தங்கள் சாமியைப் பார்க்கத்தான் வந்தது. கதாநாயகனின் பலத்துக்குக் காரணம் தேடிய இடத்தில் மட்டும் திரையும் கோயில் கதையும் கைகோர்த்துக்கொண்டன. இதில் யாரையும் சதிகாரர் என்று சொல்வது என் நோக்கமல்ல. சதி இல்லாமலே நடக்கிறது என்பதுதான் சிக்கல். அந்தக் கல்லூரிப் பையன் செய்தது போலவே.

முன்கதையைத் திருத்துவது எப்போதும் மேலிருந்துதான் நடக்கிறது என்றும் இல்லை. சேக்கிழாரின் திருநாளைப்போவார் கதையில் கொடுமைக்கார வேதியர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ‘நந்தனார் சரித்திர’த்தில் அந்த வேதியரைக் கொண்டுவந்தார். பக்திக் கதைக்குள் பண்ணையும் பண்ணையடிமையும் நுழைந்துவிட்டன. நந்தனைத் தீயில் இறக்கி முனிவனாக ஏற்றும் முடிவு மாறவில்லை, ஆனால் கேட்பவன் காதில் தீயைவிட வயல்காடு அதிகமாக ஒலிக்கத் தொடங்கியது. பாரதிதாசன் 1934இல் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் இன்னும் கடுமையாகச் செய்தார். இரணியன் தமிழ் மன்னன், வரமும் இல்லை, வரத்தின் ஓட்டையும் இல்லை, சூழ்ச்சியால் கொல்லப்படுகிறான். வரக் கணக்கில் இருந்த ஒருவனைக் கழுக் கணக்குக்கு மாற்றிய காரியம் அது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு பாத்திரத்தின் முன்கதையை மாற்றியதற்கு அரசாங்கமே ஆட்டம் நடத்துபவராக வந்து ‘ஒப்புதல் இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. முன்கதை வெறும் கதை இல்லை என்பது ஆள்பவர்களுக்கு எப்போதுமே தெரியும்.

இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை. இரணியனும் இராவணனும் மறுவாசிப்பிலும் மன்னர்களாகவே இருக்கிறார்கள். அவர்களை உயர்த்தும்போதும் நம் கை அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை. கிணற்றில் விழுந்த மருமகளுக்குக் காவியம் எழுத யாரும் வரவில்லை.

6

அப்படியானால் பழைய கணக்கு அழிந்துவிட்டதா? பாட்டில் அழித்ததைச் சடங்கு பிடித்து வைத்திருக்கிறது என்று படுகிறது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு, அதாவது அந்த முத்துப்பட்டனுக்கு, இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு பெண் கேட்டவன் அவன். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பார்ப்பனத்திகள் என்று எத்தனை பிரதி அச்சானாலும், கோயிலில் தொங்கும் செருப்பு அந்தப் பாடத்தை ஒப்புக்கொள்வதில்லை. பிரதியின் திருத்தத்தைப் பொருள் மறுக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். ஊரில் சொல்லும் கதை இப்படிப் போகிறது. அங்கே முன்பு இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி தன் மந்திர பலத்தால் அவளைக் கட்டி ஏவல் செய்யவைத்தான். மதுரையிலிருந்து கோபத்தோடு வந்த ஒருத்தி — கண்ணகிதான் என்று சொல்கிறவர்கள் உண்டு — இரவு தங்க இடம் கேட்டாள். மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் அவளையே அங்கு இருக்கச் சொல்லிவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். அதனால் வந்தவள் அங்கே திங்களும் வெள்ளியும்தான். கோயில் நடை வழக்கமாகத் திறப்பதும் அந்த இரண்டு நாட்களில். மலையைப் பார்த்துத் தீபம் காட்டிய பிறகே அம்மனுக்குத் தீபம்.

இந்தக் கதை இரண்டு கணக்கிலும் சரியாக அடங்காது. வந்தவள் பலசாலி. ஆனால் அவள் பலம் இன்னொருத்தியின் இடத்தில் தங்கிய பலம். ஆகவே வாரத்தில் ஐந்து நாள் கதவைச் சாத்தி அந்தக் கடனை ஒப்புக்கொள்கிறது கோயில். சாபத்தால் குறைக்கவில்லை, பிறப்பைச் சொல்லி நியாயப்படுத்தவும் இல்லை. யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பே அங்கே சமன். பலத்தையும் முன்கதையையும் இவ்வளவு கௌரவமாகச் சரிக்கட்டிய ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை. சாத்தியிருக்கும் அந்தக் கதவு முன்கதையைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. மதுரைவீரனுக்கு மீனாட்சி கோயிலில் இடம் கிடைத்தது, ஆனால் கிழக்கு வாசல் பக்கம். காவல் தெய்வம் என்று பெயர். கருப்பனுக்குக் கிடா வெட்டும்போது ஐயனாருக்குத் திரை போடுவார்கள். பலத்தை ஒப்புக்கொண்டு எல்லையில் நிறுத்திவைக்கும் உத்தி இது. இரவெல்லாம் காவல் காக்கும் வேலையை உயிரோடு இருந்தபோது கொடுத்தவர்கள், செத்த பிறகும் அதையே கொடுத்திருக்கிறார்கள்.

7

மறுநாள் காலையில் பையனை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். பாதியில் கைபேசியைப் பார்த்தான், மீதியைக் கேட்டான். கடைசியில், “அப்ப அரசன் மகன்னு எழுதக் கூடாதா மாமா?” என்றான். எழுதலாம், எழுதிவிட்டுக் கர்ணனைப் போல அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ள முடியுமா பார் என்றேன். “இல்லேன்னா?” இல்லாவிட்டால் தோல் பதனிடுகிறவன் மகனாகவே இருக்கட்டும், நெருப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டுக்குள்ளேயே தேடு. பதனிடும் குழியில் வேலை செய்தவனுக்கு மிருகங்களைப் பற்றித் தெரியாதா? காயம் ஆறுவது பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும்? அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆனா அதுக்கு அவனுக்கு ஏதாவது நடந்திருக்கணும்ல” என்றான். ஆமாம், அதுதான் முன்கதை.

அன்று சாயங்காலம் பட்டறைப் பக்கம் நடந்தபோது ஒன்று உறைத்தது. மரத்திலானாலும் சுதையிலானாலும் கல்லிலானாலும் நான் பார்த்த மதுரைவீரன் உருவம் எதிலும் கையும் காலும் முழுசாகவே இருக்கின்றன. முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், குதிரை, இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். வெட்டுப்பட்ட கையை யாரும் செதுக்குவதில்லை. செதுக்கச் சொல்லிக் கேட்பதுமில்லை. சிற்பிகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கும்பிடுகிறவனுக்கு அவன் முழுசாகத்தான் வேண்டும். உருவம் பலத்தைக் காட்டுகிறது, வெட்டைப் பாட்டு வைத்திருக்கிறது. உடுக்கை அடித்து விடிய விடிய அந்த வெட்டைப் பாடுகிறவர்கள் இருக்கும்வரை இந்தப் பங்கீட்டில் குறையில்லை.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம், வேலைக்கும் பெயருக்கும் ஒரு காப்பு. பாட்டுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. எங்கள் ஊர்ப்பக்கம் வீரன் கோயில் பூசையில் இப்போது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பாட்டு நின்றபின் முழுசான கையோடும் காலோடும் உருவம் மட்டும் நிற்கும். இவ்வளவு பலம் இவனுக்கு எப்படி வந்தது என்று ஒரு குழந்தை கேட்கும். பக்கத்தில் நிற்பவர் கை எந்தக் கதையைத் தேடிப் போகும் என்பது நமக்குத் தெரியும்.